ஷிப்ட் மாறும் அந்தக் கால் மணி நேரம்: கடலூர் சிப்காட்டில் புதிதாகப் பொறுப்பேற்கும் ஷிப்ட் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

கடலூர் – சிதம்பரம் சாலையில், உப்பனாற்றை ஒட்டி நீளும் சிப்காட் தொழிற்பேட்டையின் இரசாயன ஆலைகளில் பயிற்சிப் பொறியாளர்களாகச் சேர்ந்து, இப்போது ஷிப்ட் பொறுப்பு ஏற்கவிருக்கும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். இதே தொழிற்பேட்டையில் வேலை பார்த்து, அதில் பெரும்பகுதியை ஷிப்ட் மேற்பார்வையாளராகக் கழித்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. இரசாயன வினை நடக்கும் கலனான ரியாக்டருக்குள் என்ன நடக்கிறது என்பதை என்னைவிட நன்றாகவே நீங்கள் படித்திருக்கிறீர்கள். ஆனால் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் ஷிப்ட் பட்டியலில் உங்கள் பெயருக்குக் கீழே எட்டோ பத்தோ பெயர்கள் வரும் நாளில், அத்தனை பேரையும் வைத்து வேலை வாங்குவது எப்படி என்று எந்தக் கல்லூரியும் சொல்லிக்கொடுத்திருக்காது. நிர்வாகம் ஏசி அறையில் உட்காரவைத்து ஒரு பயிற்சி வகுப்பு நடத்தும். தலைமைப் பண்பு, ஊக்கப்படுத்துதல், இலக்கு நிர்ணயம் என்றெல்லாம் அதில் வரும். அதில் தவறில்லை. நானோ, ஒரு குழு ஒழுங்காக நடக்கிறதா என்று அறிய வேறோர் இடத்தைத்தான் பார்ப்பேன்: காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என்று ஷிப்ட் மாறுகிற அந்தக் கால் மணி நேரத்தை. போகிறவர் வருகிறவரிடம் எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், ஏன் விடுகிறார் என்று கவனித்தாலே, அங்குள்ள பொறுப்பாளர் தம் ஆட்களை எப்படி வைத்திருக்கிறார் என்பது விளங்கிவிடும்.

முதலில், ஒவ்வொரு ஷிப்டிலும் நடந்ததை ஆபரேட்டர்கள் எழுதிவைக்கும் லாக் புக்கை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். பல பக்கங்களில் “ஆல் நார்மல்” என்றோ “பிளான்ட் ரன்னிங்” என்றோ ஒரு வரியும் கீழே ஒரு கையெழுத்துமே இருக்கும். அதை எழுதிய ஆபரேட்டரைச் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தாம் எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்று அவர் நெடுநாளாகப் பார்த்திருப்பார். அல்லது படித்த ஒருவர், எழுதியதையே சாட்சியாக வைத்து அவருக்கு மெமோ கொடுத்திருப்பார். எதுவானாலும் அதைச் சரிசெய்யக்கூடியவர் நீங்கள்தான். ஷிப்ட் தொடங்கியதும் முந்தைய பக்கத்தைப் படித்து, படித்ததற்கு அடையாளமாக அதிலிருந்து ஒரு கேள்வியை எழுதியவரிடமே கேளுங்கள். சில வாரங்களில் வரிகள் நீளத் தொடங்கும்.

எப்படிப்பட்ட வரி வேண்டும் என்பதையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும். “கூலிங் வாட்டர் பம்ப் பி-யில் கிளாண்ட் கசிவு. இரவு 1.30-க்கு இறுக்கினேன். குறைந்தது, நிற்கவில்லை. பேரிங் பக்கம் கை வைத்தால் சூடு தெரிகிறது. பம்ப் ஏ-க்கு மாற்றவில்லை. அதன் சக்ஷன் வால்வு கழற்றி மெயின்டனன்ஸில் இருக்கிறது.” இந்தச் சில வரிகளில் என்ன நடந்தது, என்ன செய்யப்பட்டது, என்ன மீதி இருக்கிறது, எதைச் செய்யக் கூடாது என்ற நான்கும் வந்துவிட்டன. நான்காவதுதான் நம் லாக் புக்குகளில் பெரும்பாலும் விடுபடுவது. ஆபரேட்டர் தாம் செய்ததை எழுதுவார். வருகிறவர் செய்யக் கூடாததை எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது, ஏனெனில் அவருக்கு அது தெரிந்த செய்தி.

அந்த ஒரு செய்தி போய்ச் சேராததால் என்ன நடந்தது என்பதை வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையின் வரலாறு சொல்கிறது. 1988 ஜூலை 6 அன்று பகலில், அங்கிருந்த இரண்டு பம்ப்களில் ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றி, திறந்திருந்த குழாய் வாயைத் தகடு வைத்து மூடினர். மாலைக்குள் வேலை முடியவில்லை. வால்வு திரும்ப மாட்டப்படவில்லை என்ற தகவல், பராமரிப்பு வேலைக்கு அனுமதி தரும் பெர்மிட் தாளில் இருந்தது. இரவு ஷிப்டுக்கு வந்தவர்களின் காதில் அது விழவில்லை. இரவில் மற்றப் பம்ப் நின்றுபோய் மீண்டும் ஓட மறுத்தபோது, கைவசம் இருந்ததாக அவர்கள் நினைத்த பம்ப்பை ஓட்டினர். தகடு வைத்த இடத்தில் கசிந்த எரிபொருள் வெடித்தது. அந்த இரவில் 167 பேர் இறந்தனர். அங்கே பெர்மிட் முறை இருந்தது, படிவங்கள் இருந்தன, கையெழுத்துகளும் இருந்தன. தாளில் இருந்தது ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகவில்லை.

அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று நடந்ததும் இதே வகை. பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த, திரவங்களைப் பிரிக்கும் ஒரு கோபுரத்தை மறுபடி ஓடவைக்க, இரவு ஷிப்டில் திரவத்தை நிரப்பத் தொடங்கியிருந்தனர். நிரப்பிய ஆபரேட்டர் ஷிப்ட் முடியுமுன்பே கிளம்பிவிட்டார். லாக் புக்கில் இருந்தது ஒரே வரி. எவ்வளவு நிரப்பியிருக்கிறது, எந்த வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் இல்லை. பகல் ஷிப்ட் மேற்பார்வையாளர் தாமதமாக வந்ததால், இரவு மேற்பார்வையாளரைச் சந்திக்கவே இல்லை. மேலும் மேலும் நிரப்பப்பட்ட கோபுரம் பொங்கி, வெளியேறிய ஆவி தீப்பிடித்து 15 பேர் இறந்தனர். பிறகு விசாரித்தவர்கள் இன்னொன்றையும் கண்டனர்: அங்கிருந்த ஆபரேட்டர்களில் சிலர் தொடர்ந்து 29 நாட்களோ அதற்கு மேலோ, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவந்திருக்கிறார்கள். நம்மிடம் கருவி இல்லை, காசு இல்லை, அதனால்தான் விபத்து என்று சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். அது பெரும் பணம் படைத்த நிறுவனத்தின் ஆலை.

ஆகவே நீங்கள் ஷிப்டுக்குக் கால் மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள். பேச்சைக் கன்ட்ரோல் ரூம் நாற்காலியில் வைத்துக்கொள்ளாதீர்கள். போகிற ஆபரேட்டரும் வருகிற ஆபரேட்டரும் சேர்ந்து ஒரு சுற்று நடந்து, பழுதான பம்ப்பின் பக்கத்தில் நின்றே அதைப் பற்றிப் பேச வேண்டும். அறைக்குள் மறந்துபோனது அங்கே வால்வைப் பார்த்ததும் நினைவுக்கு வரும். எல்லாம் சொன்ன பிறகு “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், அதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. “இப்ப நீங்க முதல்ல எதைப் பார்க்கப் போறீங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் அவருக்கு எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்பது வெளிப்பட்டுவிடும். தொடக்கத்தில் இது பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கச் சொல்வதுபோல் அவர்களுக்குத் தோன்றும், கேலியும் செய்வார்கள். நீங்களே உங்களுக்குச் சொல்லப்பட்டதை முந்தைய ஷிப்ட் பொறுப்பாளரிடம் அவர்கள் கண்ணெதிரே திருப்பிச் சொல்லிக் காட்டினால் கேலி நின்றுவிடும்.

இங்கே ஆலை நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். இந்த மடல் உங்கள் கண்ணிலும் படும் என்று நம்புகிறேன். பல ஆலைகளில் கம்பெனி பஸ் ஷிப்ட் முடிந்த பத்தாவது நிமிடத்தில் கேட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறது. குளித்து, உடை மாற்றி, பஞ்ச் வைத்து அந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றால், ஆபரேட்டர் ஐந்தே முக்காலுக்கே மனத்தளவில் ஆலையை விட்டுப் போய்விடுவார். அதைத் தவறவிட்டால் சிப்காட் நிறுத்தத்தில் நின்று, நிற்காமல் போகும் சிதம்பரம் பேருந்துகளைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டிருக்க வேண்டும். பஸ்ஸைக் கால் மணி நேரம் தள்ளி எடுக்கச் சொல்லுங்கள்; அந்தக் கால் மணி நேரத்துக்குச் சம்பளமும் கொடுங்கள். பாதுகாப்பு வாரத்தில் கட்டும் பேனர்களைவிட அதற்கு அதிகம் செலவாகும் என்பது உண்மைதான். பலனும் அதிகம்.

இனி, போகிறவர் ஏன் சிலவற்றைச் சொல்லாமல் போகிறார் என்பதற்கு வருகிறேன். பெரும்பாலும் மறதி காரணமல்ல. கடந்த முறை சொன்னபோது என்ன கிடைத்தது என்பதே காரணம்.

இரவு இரண்டு மணி. ஆபரேட்டர் ஒருவர் உங்கள் மேசைக்கு வந்து, “சார், ஒரு டிரம் மாறிப் போட்டுட்டோம் போல இருக்கு” என்கிறார். அவர் முகம் வெளிறியிருக்கிறது. பின்னால் ஹெல்பர் பையன் ஒருவன் கதவோரம் நிற்கிறான். அந்த நொடியில் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல், அடுத்த ஐந்தாண்டுகளுக்கு அந்த ஷிப்டில் உங்களுக்கு எந்தெந்தச் செய்தி வரும் என்பதைத் தீர்மானிக்கும். “யார்யா போட்டது?” என்று கேட்டால் அந்த இரவுக்கான பதில் கிடைக்கும், அதன் பிறகு டிரம் மாறிய செய்தி தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்திலிருந்துதான் உங்களுக்கு வரும், அதுவும் விடிந்த பிறகு. “எந்த டிரம், எவ்வளவு போயிருக்கு, இப்ப டெம்பரேச்சர் என்ன?” என்று கேட்டால் அவர் மூச்சு விடுவார், விவரம் சொல்வார், நீங்களும் செய்ய வேண்டியதைச் செய்யலாம். யார் என்ற கேள்விக்கு மறுநாள் நேரம் இருக்கிறது. மறுநாளும் அதைவிட முக்கியமான கேள்வி, இரண்டு வேறு இரசாயனங்களின் டிரம்கள் ஒரே நிறத்தில், ஒரே வரிசையில், மங்கலான விளக்கின் கீழே எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதுதான்.

வேண்டுமென்றே விதியை மீறுகிறவரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆபத்து வந்தால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் இன்டர்லாக்கைத் துண்டித்துவிட்டு ஓட்டுகிறவர், குடித்துவிட்டு வருகிறவர், பெர்மிட் இல்லாமல் வெல்டிங் செய்யவைக்கிறவர் ஆகியோரிடம் தயவு காட்டச் சொல்லவில்லை. அவர்களை அன்றே கேட்டுக்கு வெளியே அனுப்புங்கள், எழுத்தில் அறிக்கை கொடுங்கள். ஆனால் தாமே முன்வந்து தவறைச் சொன்னவரையும் மறைத்து மாட்டிக்கொண்டவரையும் ஒரே தண்டனையால் அடித்தால், அடுத்தவர் மறைப்பதையே தேர்ந்தெடுப்பார்.

கண்டிக்க வேண்டியதைத் தனியே அழைத்துக் கண்டியுங்கள். கேன்டீனில், பிறர் முன்னால், அதிலும் அவருக்குக் கீழே வேலை செய்யும் ஹெல்பர் முன்னால் செய்யாதீர்கள். இது எல்லோருக்கும் தெரிந்த அறிவுரைதான், கோபம் வரும்போது மட்டும் மறந்துபோகும்.

உங்கள் ஷிப்டில் இருக்கும் மூத்த ஆபரேட்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் அப்பா வயதில் ஒருவர் இருப்பார். பத்தாம் வகுப்போ ஐடிஐயோ படித்திருப்பார். ரியாக்டருக்குள் சரக்கைக் கலக்கும் அஜிடேட்டரின் சத்தத்தை வைத்தே உள்ளே சரக்கு கெட்டியாகிறதா என்று சொல்லிவிடுவார். நீங்கள் திரையில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் “இது சரியில்லை தம்பி” என்பார். ஏன் என்று கேட்டால் அவரால் விளக்க முடியாமல் போகலாம். அந்த நேரத்தில் அவரை மடக்காதீர்கள். எழுந்து போய் அவருடன் நின்று கேளுங்கள். மறுபுறம், அனுபவம் உள்ளவர் சொல்வதெல்லாம் சரி என்று விட்டுவிடவும் கூடாது. பல காலம் ஒரு குறுக்குவழியில் செய்து தீங்கு நேராமல் இருந்தவருக்கு, அந்தக் குறுக்குவழிதான் முறை என்று மனத்தில் பதிந்துபோயிருக்கும். “அண்ணே, நீங்க சொல்ற மாதிரி செஞ்சா சீக்கிரம் முடியும், ஒத்துக்கறேன். ஆனா ஆவி வெளியேறுற வென்ட் அடைச்சிருந்தா என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க” என்று அவர் அறிவையே துணைக்கு அழைத்தால் பெரும்பாலும் இறங்கி வருவார். இறங்காவிட்டால், ஷிப்டுக்குப் பொறுப்பு நீங்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லி, எழுதிக் கையெழுத்துப் போட்டு நிறுத்துங்கள்.

‘அண்ணே’ என்று அழைப்பதால் அதிகாரம் குறைந்துவிடும் என்று சில மேலதிகாரிகள் உங்களை எச்சரிப்பார்கள். குறையாது. குறைவது எப்போது என்றால், நிரந்தரப் பணியில் இருப்பவரை அண்ணே என்றும், அதே வயதுள்ள காண்ட்ராக்ட் தொழிலாளியை ‘ஏய், இங்க வா’ என்றும் அழைக்கும்போது. இன்று ஆலைகளில் கணிசமான வேலையைக் காண்ட்ராக்ட் ஆட்களே செய்கிறார்கள். மூட்டை இறக்குவது, வடிகட்டி கழுவுவது, தொட்டி சுத்தம் செய்வது எல்லாம் அவர்கள் கையில்தான். ஆனால் ஷிப்ட் மாறும்போது நடக்கும் பேச்சில் அவர்கள் நிற்பதில்லை. அவர்களுடைய மேஸ்திரிக்குச் சொன்னால் போதும் என்று விட்டுவிடுகிறோம். எந்தக் குழாயில் அமிலம் வருகிறது என்பது, அந்தக் குழாயைத் தொடப் போகிறவருக்குத் தெரிய வேண்டும். அவர்களையும் வட்டத்தில் நிறுத்துங்கள். பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள், ‘காண்ட்ராக்ட் அஞ்சு பேர்’ என்று லாக் புக்கில் எழுதும் பழக்கத்தை நிறுத்தி ஐந்து பெயர்களையும் எழுதுங்கள். சைரன் ஒலித்து அசெம்பிளி பாயின்ட்டில் தலை எண்ணும்போது அதன் அருமை விளங்கும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் இளைஞர்களிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்லிவிட்டு, தலையாட்டியதைப் பார்த்துப் போய்விடாதீர்கள். வால்வின் முன்னால் அழைத்துப் போய், ‘இதைத் திற, இதைத் தொடாதே’ என்பதைச் செய்துகாட்டி, அவரையும் செய்துகாட்டச் சொல்லுங்கள். அவர்களில் தமிழ் பேசப் பழகிய ஒருவர் எப்போதும் இருப்பார். அவரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தினால், மற்ற வேலைச் சுமையை அவருக்குக் குறையுங்கள். இரண்டையும் சேர்த்து ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இதோடு சேர்ந்ததுதான், எழுதத் தயங்கினாலும் எழுதியாக வேண்டிய ஒன்று. புதிதாக வந்த ஆளிடம் ‘எந்த ஊர்?’ என்று கேட்பது இயல்பு. ஊரைச் சொன்ன பிறகு ‘அங்கே எந்தத் தெரு?’ என்று கேட்டால், அது எதற்கான கேள்வி என்பது நம் மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். பொறுப்பாளராக இருப்பவர் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. தம் முன்னிலையில் பிறர் கேட்கவும் விடக் கூடாது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும் வேலைக்கு மாதாமாதம் யார் பெயர் வருகிறது என்று பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒரே பகுதி ஆட்களின் பெயரே திரும்பத் திரும்ப வந்தால், அந்த ஆலையில் வேலையைப் பங்கிடுவது நீங்கள் அல்ல, ஊர். முறை வைத்து மாற்றுங்கள். எதிர்ப்பு வரும், தாங்கிக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் யார் இறங்கினாலும் முதலில் வாயுப் பரிசோதனை, மேலே ஒரு காவலாள், இடுப்பில் கயிறு என்பதில் மட்டும் எந்த மாற்றமும் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் யார் யாருடன் உட்காருகிறார்கள் என்பதை ஆணை போட்டு மாற்ற முடியாது. ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசாத இருவரை அடுத்தடுத்த ஷிப்டில் ஒரே இயந்திரத்துக்குப் போட்டால், அவர்களிடையே எந்தச் செய்தியும் கைமாறாது என்பதை நினைவில் வையுங்கள். காரணம் சாதியாகவும் இருக்கலாம், யூனியன் தேர்தலாகவும் இருக்கலாம், சீட்டுப் பணத் தகராறாகவும் இருக்கலாம்.

பெண் பொறியாளர்களும் ஆய்வகப் பணியாளர்களும் இப்போது பல ஆலைகளிலும் இருக்கிறார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது உங்கள் ஷிப்டில் உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். புகார் உங்களிடம் வந்தால் நீங்களே பஞ்சாயத்துப் பேசி முடித்துவைக்க முனையாதீர்கள். குழுவிடம் அனுப்புவதுதான் உங்கள் வேலை.

ஷிப்ட் பட்டியலுக்கு வருகிறேன். ஆட்களின் மனத்தாங்கல் பெரும்பாலும் சம்பளத்தைவிடப் பட்டியலில்தான் பிறக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லோரும் விடுப்புக் கேட்பார்கள் என்பது எந்த ஊரிலும் உள்ளதுதான். இங்கே மாசி மகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சுற்றுவட்டார ஊர்ச் சாமிகளெல்லாம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும் அன்று, தம் ஊர்ச் சாமியோடு போக வேண்டியவரை ரியாக்டர் முன்னால் நிறுத்தினால் அவர் உடம்பு மட்டுமே அங்கே இருக்கும். அதேபோல் கிறிஸ்துமஸ், ரம்ஜான், அவரவர் ஊர்த் தீமிதி, செடல். ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு பெரிய காலண்டரைக் கன்ட்ரோல் ரூமில் மாட்டி, யாருக்கு எந்த நாள் விட்டுக்கொடுக்க முடியாத நாள் என்று அவரவரே எழுதச் சொல்லுங்கள். ஒரே நாளில் பலர் எழுதினால், போன ஆண்டு யார் வேலை பார்த்தார் என்பதைப் பார்த்து அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். நீங்கள் ஒருவருக்கு ரகசியமாக விடுப்புக் கொடுத்தால் அது ரகசியமாக இருக்காது.

ஒருவர் வராதபோது இருக்கிறவரையே அடுத்த ஷிப்டுக்கும் நிறுத்துவது நம் ஆலைகளில் சாதாரணமாகிவிட்டது. ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்பு ஊதியம் என்பதால் ஆட்களும் பல வேளை விரும்பியே நிற்கிறார்கள். மகள் கல்யாணம், வீட்டுக் கடன் என்று அவரவருக்கு ஒரு கணக்கு உண்டு. அவர்கள் விருப்பத்தை மட்டும் பார்த்து நீங்கள் முடிவு செய்யக் கூடாது. பக்கத்தில், புதுச்சேரியில், 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். எட்டு மணி நேர வேலை அவர்கள் போராட்டத்தின் முக்கியக் கோரிக்கை. பதினாறாவது மணி நேரத்தில் ஒருவர் வால்வின் முன்னால் நிற்கும்போது அவருக்கு முன்னே இருக்கும் எண் அவர் கண்ணில் படுகிறதே தவிர மனத்தில் பதிவதில்லை. யார் எந்த வாரத்தில் எத்தனை முறை இரட்டை ஷிப்ட் பார்த்தார் என்று தனி நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே பெயர் அடிக்கடி வந்தால், அவரிடம் பேசுவதற்கு முன் ஆள் பற்றாக்குறையைப் பற்றி மேலே பேசுங்கள்.

மேலே பேசுவது என்பதுதான் உங்களில் பலருக்குக் கடினமாக இருக்கப்போகிறது. மாதக் கடைசியில் உற்பத்திக் கணக்கு முடிக்க வேண்டிய நேரத்தில் பிளான்ட் மேனேஜர் போன் செய்து, “இன்னும் ஒரு பேட்ச் எடுத்துடலாமே” என்பார். நிறுத்து என்று சொல்ல உங்களுக்கு அதிகாரம் உண்டு என்று பாதுகாப்புக் கொள்கையில் அச்சிட்டிருக்கும். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும்போது “முடியாது சார்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “கண்டென்சரில் தண்ணீர் ஓட்டம் குறைந்திருக்கிறது, இரவு மெயின்டனன்ஸில் ஃபிட்டர் இல்லை, காலை எட்டு மணிக்குச் சரிசெய்தால் பத்து மணிக்குத் தொடங்கலாம்” என்று நிலைமையையும் மாற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள், சொன்னதை எழுதியும் வையுங்கள். மேலிருந்து வரும் அழுத்தத்தை அப்படியே கீழே இறக்குகிற பொறுப்பாளரைத் தொழிலாளர்கள் மிகச் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்வார்கள். அவரிடம் உண்மையைச் சொன்னாலும் பயனில்லை என்று அதன் பிறகு அவர்கள் வாய் திறப்பதில்லை.

கடைசியாக, புயல். கடலூரில் ஷிப்ட் பொறுப்பேற்கிறவருக்கு இது தனிப் பாடம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்து, அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. இப்படிப்பட்ட நாட்களில்தான் ஷிப்ட் மாறவே மாறாது. வர வேண்டியவர் வர முடியாது, இருக்கிறவர் போக முடியாது, மின்சாரம் இருக்காது, போன் எடுக்காது. செப்டம்பர் மாதத்திலேயே உங்கள் ஆட்களின் வீடு எங்கே என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். கெடிலத்துக்கு அந்தப் பக்கம் யார், பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் யார், யார் வீடு கூரை வீடு, யார் வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா இருக்கிறார், யாருக்குப் படகும் வலையும் கரையில் கிடக்கின்றன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் இவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள். ஆலைக்கு அருகில் ஓட்டு வீட்டிலோ மாடி வீட்டிலோ இருக்கும் சிலரிடம், புயல் நாளில் தங்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்கி வையுங்கள். வீட்டைப் பற்றிய கவலையோடு இருப்பவர் காற்றுச் சத்தத்தின் நடுவே அளவு காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார், அதை எதிர்பார்ப்பதும் முறையல்ல. எதை எப்போது நிறுத்துவது, எந்த வரிசையில் நிறுத்துவது என்பதையும் காற்று எழுவதற்கு முன்பே அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள்.

தங்கியவர்களுக்கு அரிசி, பருப்பு, குடிநீர், மாற்றுடை, படுக்க உலர்ந்த இடம் ஆகியவற்றைக் கேன்டீன் காண்ட்ராக்டரிடம் விட்டுவிடாமல் நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றித் தூங்கவையுங்கள்; அந்த மாற்றத்திலும் லாக் புக்கும் நடந்து பார்ப்பதும் திருப்பிச் சொல்வதும் உண்டு, அது சிறு ஷிப்ட் என்பதற்காக விட்டுவிடக் கூடாது. புயல் அடங்கி மாற்று ஆள் வந்து சேர்ந்ததும், இரண்டு நாள் தூக்கம் கெட்டவரை மரங்கள் விழுந்து கிடக்கும் சாலையில் இரு சக்கர வாகனத்தில் அனுப்பாதீர்கள். கேட்டில் வண்டி ஏற்பாடு செய்து ஏற்றிவிட்டு, வீடு சேர்ந்ததும் எப்படியாவது தகவல் சொல்லச் சொல்லுங்கள். அந்தத் தகவல் வந்த பிறகு அவர் பெயருக்கு நேரே குறியிட்டு, அவருடைய அடுத்த இரண்டு ஷிப்டுகளுக்கு வேறு ஆளின் பெயரை அப்போதே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஷிப்ட் மேற்பார்வையாளர் ஒருவன்,
கடலூர் முதுநகர்